எழுதாக் கண்: ஒப்பனை மறுப்பும் அதன் எழுவாயும்

திறனாய்வு பொதுவாகச் செய்யப்பட்டவற்றையும் சொல்லப்பட்டவற்றையுமே தன் ஆய்வுப் பொருளாகக் கொள்வது. செய்யாது விடப்பட்டவை தடயம் எதனையும் விட்டுச் செல்லாமையின் அவை பற்றிய விசாரணை அருகியே காணப்படுகிறது. பெண்களின் அணியும் ஒப்பனையும் பற்றி எழுந்த கட்டுரைகளுக்கும் இக்கூற்றுப் பொருந்தும். எவை அணியப்பட்டன, எவை பூசப்பட்டன என்பன குறித்து ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஒரு பெண் ஓர் ஒப்பனைப் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போவதன் பொருள் யாதென எவரும் அதிகம் வினவியதில்லை. ஆயினும் தமிழிலக்கியத்தின் தலைசிறந்த இரு நூல்கள் இம்மறுப்பினைக் கவிப்பொருளாகக் கொண்டுள்ளன. ஈழத்தின் மாத்தளை மாவட்டத்தில் இதனோடு தொடர்புடைய வரலாற்றுச் சான்றுகளும் உள. இவற்றை ஒருங்கே வைத்து நோக்குவது இன்றைய நுகர்வுச் சூழலை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

இன்றைய சூழலை முதலிற் சுருக்கமாகச் சுட்டுதல் தகும். மாத்தளை நகரின் திருகோணமலை வீதியையும் அதனையொட்டிய பான்சிக் கடைகளையும் அறிந்தவர்களுக்கு ஐ ஷேடோ எனப்படும் இமை வண்ணம் புதிய பொருளன்று. புதியது அது இப்போது வந்துசேரும் முறையே. பன்னிரண்டு, பதினெட்டு என வண்ணங்கள் ஒரே தட்டில் அடுக்கப்பெற்ற பேழை ஒன்று, கடைக்கு வருமுன்னரே கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. அதன் பெயரும், அதனைப் பூசிய முகங்களும், அது விரைவில் தீர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அவ்வாறே வந்துவிடுகின்றன. இந்நிலையில் மாத்தளையைச் சேர்ந்த ஒரு மாணவி அதனை வாங்குவதில்லையெனத் தீர்மானிப்பாளாயின், அத்தீர்மானம் எத்தகையது? அது சிக்கனமா, அடக்கமா, வறுமையா, எதிர்ப்பா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு, 'வாங்கவில்லை' என்னும் வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதை அறிதல் இன்றியமையாதது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே, கோவலன் மாதவியிடம் தங்கிவிட்ட காலத்துக் கண்ணகியின் நிலையை இளங்கோ கூறுகிறார். அவள் காலிற் சிலம்பில்லை. மங்கல அணியொழிந்த பிறவற்றில் அவள் மகிழவில்லை. நெற்றி திலகத்தை இழந்தது. கூந்தல் நெய்யை மறந்தது. கண் அஞ்சனத்தை மறந்தது. ஈண்டு இலக்கண அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. மையை மறந்தது கண்ணே. கண்ணகி 'மை எழுதமாட்டேன்' எனக் கூறினாளல்லள். அவள் வாய் திறவாதிருக்க, அவளது உறுப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் அணியை இழந்து நிற்கின்றன. அவலச்சுவையைத் தோற்றுவிப்பதில் இவ்வமைப்பு ஈடிணையற்றது. எனினும், இதனை ஒப்பனை மறுப்பு எனல் பொருந்தாது. இது இழப்பு. கணவன் இல்லாத இடத்து ஒப்பனைக்குப் பொருளில்லை என்னும் சமூகக் கருத்து, கண்ணகி சிந்திப்பதற்கு முன்னரே அவளுக்காகச் சிந்தித்து முடித்துவிட்டது.

திருக்குறளின் 113ஆம் அதிகாரமாகிய காதற்சிறப்புரைத்தலில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. அவ்வதிகாரத்தின் ஏழாவது குறளிலே தலைவி தன் கண்ணுக்கு மை எழுதுவதில்லையெனக் கூறுகிறாள். காதலர் தன் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார், மை தீட்டினால் அவ்வளவு நேரம் அவர் மறைந்துவிடுவார் என்பது அவள் காட்டும் காரணம். அடுத்த குறளில், அவர் நெஞ்சில் இருப்பதனாற் சூடான உணவை உண்ண அஞ்சுவதாகவும் கூறுகிறாள். இங்கே மறுப்பு ஓர் எதிர்மறைத் தன்மை வினைமுற்றாக அமைகிறது. மறுப்பவளும் பேசுபவளும் ஒருத்தியே. மறுப்பிற்குக் காரணமும் அவளாலேயே சொல்லப்படுகிறது. அக்காரணத்தை ஏற்பதும் நகைப்பதும் கேட்பவரின் உரிமை. ஆனால் அது அவளது காரணம் என்பதை எவரும் மறுத்தற்கியலாது. மேலும், இதே வள்ளுவர் 129ஆம் அதிகாரத்தில், மை எழுதும்போது எழுதுகோலைக் காணாத கண்ணை உவமையாகக் கொண்டு, அவரை நேரிற் காணும்போது அவர் குறையைக் காணாத தன் நிலையை உரைக்கும் தலைவியையும் படைத்துள்ளார். மை எழுதுதல் வள்ளுவருக்குப் பழியன்று, எழுதாமை புகழுமன்று. எழுதுவதும் எழுதாததும் பெண்ணின் அனுபவத்திலிருந்து பிறக்கும் இருவேறு கூற்றுகளாகவே அவர் கண்டார்.

குறட் தலைவியும் ஓர் ஆடவனை முன்னிட்டன்றோ மையை விடுத்தாள், அவளுக்கும் கண்ணகிக்கும் வேறுபாடு யாது என ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இருவரது உலகிலும் ஒப்பனை காதலனைச் சுற்றியே பொருள் பெறுகிறது. ஆயினும், கண்ணகியின் கண்ணிலே மை இல்லாமைக்குக் காரணம் அவன் இல்லாமை. குறட் தலைவியின் கண்ணிலே மை இல்லாமைக்குக் காரணம் தான் காண விரும்புவதைக் காணவேண்டும் என்னும் அவளது விருப்பம். முன்னது பிறரால் பார்க்கப்படும் கண். பின்னது பார்க்கும் கண். இவ்வேறுபாடு பிற்கால ஒப்பனைச் சிந்தனைகள் அனைத்தையும் அளக்க உதவும் ஓர் அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு நோக்குமிடத்து, தமிழ்ச் சமூகத்திலே மறுப்பு என மதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பிறரால் சுமத்தப்பட்ட விலக்குகளே என்பது புலனாகும். கைம்பெண்ணிடமிருந்து பொட்டும் பூவும் மையும் பறிக்கப்பட்டபோது அது துறவு எனப் போற்றப்பட்டது. வறிய பெண் ஒப்பனையின்றி இருந்தபோது அது இயற்கையழகு எனப் பாடப்பட்டது. மலையகப் பெண்ணைப் பற்றிய எழுத்துகளிலும் இக்குறை இல்லாமலில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் அணியற்ற எளிமையை வியந்து எழுதுவோர், அவ்வெளிமை அவளால் தேர்ந்துகொள்ளப்பட்டதா, அன்றி அவளது நாட்கூலியால் விதிக்கப்பட்டதா என வினவுவதில்லை. தேயிலைப் பைக்கற்றுகளின் மேல் அச்சிடப்படும் கொழுந்துப் பெண்ணோ பொட்டும் மூக்குத்தியும் வளையலும் அணிந்து புன்னகைக்கிறாள். ஏட்டிலே அவள் எளிமையும் பைக்கற்றிலே அவள் அலங்காரமும் பிறரது தேவைக்காகவே வரையப்படுகின்றன. இரண்டிலும் அவள் எழுவாயல்லள், செயப்படுபொருளே.

மாத்தளை மாவட்டத்தின் பழைய சான்றுகள் இவ்விடத்து நினைவுகூரத்தக்கவை. அவற்றுள் முதலாவது சிகிரியா. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செய்த காசியப்பனின் காலத்தனவாகக் கொள்ளப்படும் அப்பாறை ஓவியங்களிலே மலரேந்திய பெண்கள் முழு அலங்காரத்துடன் காட்சியளிக்கின்றனர். அவர்கள் தெய்வ மகளிரா அரசியரா என்பது குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அவ்வோவியங்களைக் காண வந்தோர், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரையில், கண்ணாடிச் சுவரிலே தம் எண்ணங்களைச் செய்யுட்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 செய்யுட்களைச் செனரத் பரணவிதான படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். பாடியோருட் பெரும்பான்மையினர் ஆடவர். ஓவியப் பெண்களின் அழகில் மயங்கியோர். ஆயினும் பெண்கள் எழுதியனவும் சில உள. அவர்களுள் ஒருத்தி, கையில் முத்துமாலையுடன் நிற்கும் ஓவிய மங்கையைப் பார்த்துத் தனக்குச் சினம் எழுவதாகவும், அவள் நம்மோடு போட்டியிடுவது போற் பார்ப்பதாகவும் கூறுகிறாள்.

இச்செய்யுளை வெறும் பொறாமையின் வெளிப்பாடாகக் கொள்வோர் உளர். அது குறுகிய பார்வை. சுவரில் நிலையாக நிற்கும் ஒரு படிமம் உயிருள்ள பெண்ணைப் போட்டிக்கு அழைக்கிறது. அவளோ அவ்வழைப்பை இனங்கண்டு, மயங்காது சினக்கிறாள். சினத்தைத் தன் வாயாலேயே பதிவு செய்கிறாள். ஜோன் பேர்ஜர் 1972இல் வெளியிட்ட 'வேஸ் ஒவ் சீயிங்' என்னும் நூலில், விளம்பரமானது மாற்றமடைந்த ஒருவரைக் காட்டிப் பார்ப்பவரிடத்தே பொறாமையைத் தோற்றுவிக்கிறது என விளக்கினார். விளம்பரம் என்னும் நிறுவனம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மாத்தளைப் பாறையொன்றின் முன் நின்ற ஒரு பெண் அத்தகைய பொறாமை தன்னுள் எழுவிக்கப்படுவதை உணர்ந்திருந்தாள் என்பது சிந்தனைக்குரியது.

இரண்டாவது சான்று அலுவிகாரை. வட்டகாமினி அபயனின் காலத்திலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகப் பேணப்பட்ட பௌத்தத் திரிபிடகம் அங்கேயே ஏட்டில் எழுதப்பட்டதென மரபு கூறும். திரிபிடகத்தின் விநயப் பகுதியைச் சேர்ந்த மகாவக்கத்தில் மருந்துகள் பற்றிய அதிகாரம் ஒன்றுண்டு. கண்ணோயுற்ற பிக்குவுக்கு மை இட்டுக்கொள்ள அங்கே அனுமதி வழங்கப்படுகிறது. பின்னர்ப் பிக்குகள் சிலர் பொன்னாலும் வெள்ளியாலுமான மைச்சிமிழ்களை வைத்திருக்க, இல்லறத்தார் இன்பம் நுகர்வது போல் இவர்கள் வாழ்கிறார்களே என மக்கள் பழித்தனர். அதன்மேல் அத்தகைய சிமிழ்கள் தடுக்கப்பட்டு, எலும்பு, கொம்பு, மூங்கில், மரம் முதலியவற்றாலானவை அனுமதிக்கப்பட்டன. பழிக்கப்பட்டது மையன்று, மைச்சிமிழே என்பது கவனிக்கத்தக்கது. பொருளின் பயனுக்கும் அதன் பேழை தரும் பெருமைக்கும் இடையிலான வேறுபாட்டை அந்நூல் தெளிவாக உணர்ந்திருந்தது.

போயா தினங்களில் வெண்ணிற ஆடையுடன் விகாரைக்குச் சென்று எட்டுச் சீலங்களை ஏற்கும் சிங்களப் பெண்களை மாத்தளையில் எவரும் காணலாம். மாலை, வாசனைப் பொருள், பூச்சு, அலங்காரம் ஆகியவற்றை விலக்குவதும் அச்சீலங்களுள் அடங்கும். பாளியில் அமைந்த அவ்வாக்கியமும் தன்மை ஒருமையிலேயே முடிகிறது: இவ்விலக்கினை ஏற்கிறேன் என்பது அதன் பொருள். அதற்குக் கால எல்லையும் உண்டு. அந்நாள் கழிந்தபின் அப்பெண் விரும்பினால் மை இட்டுக்கொள்வாள். சமயம் விதித்ததாயினும், ஒருவர் தம் வாயாற் கூறித் தம்மேற் கொள்ளும்வரை அது அவரது விரதமாவதில்லை. குறட் தலைவியின் கூற்றுடன் இச்சீலம் ஒத்துநிற்கும் இடம் இதுவே.

இனி, மறுக்கப்படும் பொருளையே ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தல் வேண்டும். இவ்வகைப் பேழைகளுட் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவின் ஏர்பன் டிக்கே நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'நேக்கிட்' என்பதாகும். பன்னிரண்டு வண்ணங்கள் கொண்ட அப்பேழையைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் பழுப்பு வண்ணப் பேழைகளை வெளியிட்டன. ஏர்பன் டிக்கே பின்னர் லோரியல் குழுமத்தின் உடைமையாயிற்று. 2018இல் அப்பேழையின் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, இறுதிச்சடங்கு நடத்துவது போன்ற விளம்பரங்கள் வெளியாயின. தலைப்பையே முதலில் நோக்குவோம். 'நேக்கிட்' என்றால் ஆடையற்றது, மறைப்பற்றது. பூசப்படுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று பூசாமையைத் தன் பெயராகக் கொள்கிறது. பூசாத தோலின் நிறமெனில், எவருடைய தோலின் நிறம்? வெண்ணிறத் தோலை அளவாகக் கொண்டே 'தோல் நிறம்' என்னும் சொல் உலகச் சந்தையில் நெடுங்காலம் வழங்கியது. மாத்தளை வெயிலில் நிற்கும் கருமேனிப் பெண்ணுக்கு அப்பேழையின் வெளிறிய வண்ணம் மறைப்பற்ற தோலன்று. வேறொருவர் தோலாற் போர்த்தப்படும் மறைப்பு.

அடுத்து அதன் அமைப்பு. நம் வீடுகளிற் செய்யப்பட்ட மைக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, படியும் கரியை வழித்து நெய்யிற் குழைத்துச் சிமிழில் இட்டனர். சிமிழ் தீர்ந்தபின்னரே மீண்டும் செய்தனர். பேழையோ தீர்வதற்காகச் செய்யப்பட்டதன்று. இரு கண்களையுடைய ஒருத்தி பன்னிரு வண்ணங்களையும் தீர்ப்பதற்கு நீண்ட காலம் வேண்டும். அதற்கிடையில் அடுத்த பேழை வந்துவிடும். ஆகவே விற்கப்படுவது வண்ணத்தினும் மேலாகப் புதுமையே. பண்டத்தின் பின்னுள்ள மனித உழைப்பு மறைந்து, பண்டமே தனியாற்றல் பெற்றது போலத் தோன்றும் நிலையைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற்றொகுதியிற் பண்ட வழிபாடு என விளக்கினார். இமை வண்ணத்தின் மினுக்கத்தில் அவ்வழிபாட்டை நேரிற் காணலாம்.

அம்மினுக்கத்தைத் தருவது பெரும்பாலும் மைக்கா. தமிழில் அதற்கு அப்பிரகம் என்றும், பேச்சுவழக்கிற் காக்காய்ப்பொன் என்றும் பெயர்கள் உண்டு. மாத்தளை மாவட்டத்தின் கைக்காவலைப் பகுதியிலும் அதன் படிவுகள் உள்ளன. உலக ஒப்பனைத் தொழிலுக்கு அதனைப் பெருமளவில் வழங்கும் பிரதேசங்களுள் இந்தியாவின் ஜார்க்கண்டும் பீகாரும் அடங்கும். அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களிற் சிறுவர்கள் மைக்கா பொறுக்குவதையும், மண்சரிந்து அவர்களிற் சிலர் இறந்ததையும் தொம்சன் ரொய்ட்டர்ஸ் மன்றம் 2016இல் வெளிக்கொணர்ந்தது. அதன்பின் 2017இல் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொறுப்புள்ள மைக்காவுக்கான முன்னெடுப்பு ஒன்றைத் தொடங்கின. சில நிறுவனங்கள் செயற்கை மைக்காவுக்கு மாறின. கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தேநீர்க் கோப்பையிற் காண இயலாதென்பதைப் பிறர் சொல்லி அறியவேண்டிய நிலையில் மாத்தளைத் தோட்டப் பெண் இல்லை. ஆதலின், இமையின் மினுக்கத்தில் ஜார்க்கண்டுச் சிறுவனின் கையைக் காண்பது அவளுக்கு அரிதன்று.

இலங்கையின் அண்மைக்கால வரலாறு இவ்விவாதத்திற்கு வேறொரு பரிமாணத்தைச் சேர்த்துள்ளது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் சுமார் 300 வகைப் பொருள்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியபோது, சொக்கலேற், வாசனைத் திரவியம் ஆகியவற்றுடன் ஒப்பனைப் பொருள்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. 2023இல் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. தடை நிலவிய காலத்தில் பேழையை வாங்காதிருந்தவர்கள் அதனை மறுத்தவர்களல்லர். அவர்கள் சார்பில் வர்த்தமானி மறுத்தது. தடை நீங்கியதும் வேட்கை முன்னிலும் பெருகியிருப்பின், அதில் வியப்பதற்கொன்றுமில்லை.

கூலியும் ஒரு வர்த்தமானியே. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது; ஒவ்வொரு உயர்வும் நீண்ட போராட்டத்தின் பின்னரே கிட்டியது. இவ்வருவாயிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மகளொருத்தி பேழையை வாங்கவில்லையெனில், 'அவளிடம் பணமில்லை' என உலகம் எளிதில் முடிவு செய்துவிடும். வசதி படைத்தவள் வாங்காவிடின் அதனைக் கொள்கை என்று பாராட்டும். வறியவளின் மறுப்பு மறுப்பாகவே கணிக்கப்படுவதில்லை என்பது வறுமையின் அதிகம் பேசப்படாத அநீதிகளுள் ஒன்று. பணமில்லாமை அவளுக்கு ஓர் உண்மை. ஆனால் அது மட்டுமே அவளது காரணமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. கையிற் காசில்லாதவளுக்கும் கருத்துண்டு. இதனை ஏற்காத திறனாய்வு, எத்துணை முற்போக்குச் சொற்களைப் பயன்படுத்தினும், அவளைப் பைக்கற்றுப் படத்திற்குள்ளேயே வைத்திருக்கும்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. 2015 அளவிலிருந்து யூரியூப்பில், எவற்றை வாங்கப்போவதில்லை எனப் பட்டியலிட்டுக் காரணங்கூறும் காணொளிகள் பரவத் தொடங்கின. நுகர்வு வெறியை எள்ளி நகையாடியமையும், பொருளின் தரத்தையும் தேவையையும் பற்றிப் பகுத்தறிவோடு பேசக் கற்பித்தமையும் அவற்றின் நற்பயன்களாகும். எனினும், மறுப்பையும் பிறர் பார்ப்பதற்கான காட்சியாக்கும் இயல்பு அம்முறையில் உள்ளது. வாங்காமையே ஓர் அணியாகிவிட்டால், பேழையின் இடத்தை வாங்காமை பிடித்துக்கொள்ளும். இதனைப் போன்றே, தன் மறுப்பைக் காட்டி மை பூசும் தோழியை இகழ்பவளும் பழைய காவல்காரரின் பணியையே மேற்கொள்பவளாவாள். வாங்கியவள் மூடத்தனமானவள் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. பேழையை வாங்கி மகிழ்பவளுக்கும் அவளது காரணம் இருக்கக்கூடும்; வேலைநாளின் இறுதியில் சிறிதளவு வண்ணம் தரும் களிப்பை அற்பமென ஒதுக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஒரு பேழையை வாங்காததால் உலகச் சந்தை அசையப்போவதில்லை, இத்துணைச் சிறிய செயலுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். சந்தை அசையாது என்பது மெய்யே. சிறுவரின் உழைப்பை ஒழிப்பதற்குச் சட்டமும் அமைப்புரீதியான போராட்டமும் வேண்டும். தனிமனிதரின் மறுப்பு அவற்றிற்கு ஈடாகாது. ஆயினும், எதனை விரும்ப வேண்டுமென்பதைப் பிறர் தீர்மானிக்கும் சூழலில், ஒருத்தி தன் விருப்பத்தைத் தானே விசாரிப்பது சிறிய செயலன்று. போராட்டங்களுக்குத் தேவையான மனிதர்கள் அவ்விசாரணையிலேயே உருவாகின்றனர்.

ஆகவே, கடைத்தட்டின் முன் நிற்கும் மாத்தளை மாணவியின் மறுப்பைப் பல வாக்கியங்களாற் கூறலாம். அவள் கண் மையை மறந்தது எனலாம். அவளுக்கு அது தகாது எனலாம். நாட்டில் அது கிடைக்கவில்லை எனலாம். அவளால் இயலாது எனலாம். இவையனைத்தும் அவளைப் பற்றிப் பிறர் கூறும் வாக்கியங்கள். 'இது எனக்கு வேண்டாம். இன்ன காரணத்தால் வேண்டாம்' என்பதொன்றே அவள் கூறுவது. நாளை அவள் வேறொரு காரணத்துக்காக வேறொரு வண்ணத்தை வாங்கவும் கூடும். போயா கழிந்த மறுநாள் மை இட்டுக்கொள்பவளைப் போல, அதனால் அவளது முந்தைய சொல் பொய்யாகிவிடாது. குறட் தலைவி தன் கண்ணுக்கு மை எழுதாமைக்குத் தன் வாயாலேயே காரணங் கூறினாள். அக்காரணத்தைக் கேட்டறியும் பொறுமையை வள்ளுவர் கொண்டிருந்தார். மாத்தளைப் பெண்ணின் காரணத்தைக் கேட்டறியும் பொறுமை திறனாய்வாளருக்கும் வேண்டும்.